சின்னவன் கார்டில் தங்கம்மாள்

பஞ்சநதம் எதையும் முறையாகச் செய்கிறவர். மனைவி தங்கம்மாளுக்கு இதய வால்வு மாற்றியாக வேண்டும், ஒரு மாசத்துக்கு மேல் தள்ளக்கூடாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்ன அன்றைக்கே ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல் எடுத்துவிட்டார். மறுநாள் காலை மஞ்சள் பையோடு ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் முதல் ஆளாக நின்றார். ஏழைக் குடும்பத்துக்கு அரசு கொடுக்கிற காப்பீட்டில் பேர் இருந்தால் ஆபரேஷனுக்குக் காசு கட்ட வேண்டாம். இல்லாவிட்டால் அவரால் ஆகிற காரியமில்லை. உழுவது குத்தகை நிலம். தங்கம்மாளின் தோடு மூக்குத்தி எல்லாம் பேத்தி வைத்தியத்துக்கு ஏற்கெனவே போயாயிற்று.

கவுண்டரில் இருந்த ஹஃப்ஸா என்கிற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, இது தியாகேசன்ங்கிறவர் கார்டு. உங்க மகனா?"

"பெரிய பையன்மா. அவன் வீட்டுலதான் இருக்கோம்."

"இதுல உங்க பேர் இருக்கு. அம்மா பேர் இல்லையே?"

அப்போதுதான் பஞ்சநதத்துக்கு உறைத்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகள் இரண்டு பேரும் தனித்தனிக் கார்டு வாங்கினார்கள். பெற்றவர்கள் யார் கார்டில் என்று பேச்சு வந்தது. தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்தவன், தாய்க்கு இளையவன். அதே முறைப்படி கார்டிலும் பிரித்துக்கொள்ளலாம், ஆளுக்கு ஒரு தலை அரிசி, யாருக்கும் மனத்தாங்கல் வராது என்று வழி சொன்னவர் அவரேதான். பிரிவு தாளில் மட்டுந்தான். சாப்பாடும் படுக்கையும் இரண்டு பேருக்கும் பாபநாசத்துக்குப் பக்கத்தில் பெரியவன் வீட்டிலேயே நடந்தது. ஆகவே தங்கம்மாளிடம் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

இளையவன் பிரபு கூத்தாநல்லூரில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறான். போன் போனதும் மறுநாள் காலையிலேயே கார்டோடு வந்துவிட்டான். தங்கம்மாளையும் வார்டிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நாலு எட்டு நடந்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஹஃப்ஸா கார்டு எண்ணைப் போட்டுப் பார்த்தாள்.

"வானதின்னு ஒரு பாப்பாவுக்கு இதே கார்டுலதான் ரத்தப் புற்றுக்கு வைத்தியம் நடக்குதா?"

"என் பொண்ணு" என்றான் பிரபு. "பங்குனி வரைக்கும் ஊசி போடணும்னு சொல்லியிருக்காங்க."

"அண்ணே, வருஷத்துக்கு இவ்வளவுன்னு மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் ஒதுக்குறாங்க. ஆளுக்குத் தனியா கிடையாது. இப்ப அம்மாவுக்கு எடுத்தா, கார்த்திகைக்கு மேல பாப்பாவுக்கு இதுல ஒண்ணும் மிஞ்சாது."

பிரபு தரையைப் பார்த்தபடியே கார்டை நீட்டினான். "அம்மாவுக்குப் போடுங்க."

வாங்கப் போன பஞ்சநதத்தின் கை பாதியிலேயே நின்றது. தங்கம்மாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். மகன் கையிலிருந்த கார்டை வாங்கி, அவன் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினாள்.

"புள்ளைக்கு ஊசி நிக்கப்படாது. போ, பட்டறைக்கு நேரமாவுது."

"அம்மா…"

"வீட்டுல அனுராதாகிட்ட நீ ஒண்ணும் சொல்லிக்காத. நான் நல்லாத்தான் இருக்கேன்."

ஹஃப்ஸாதான் ஒரு வழி சொன்னாள். சின்னவர் கார்டில் அம்மா பேரை நீக்கி, பெரியவர் கார்டில் சேர்க்கலாம். அந்தக் கார்டில் இந்த வருஷம் யாரும் ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் பேர் மாறி, காப்பீட்டில் ஏற நாற்பது நாளாவது ஆகும்.

"டாக்டர் ஒரு மாசந்தானே சொன்னாரு" என்றார் பஞ்சநதம்.

"நானும் அவசரம்னு எழுதிப் போடுறேன் ஐயா. என் கையில அவ்வளவுதான் இருக்கு."

மனுவில் கைநாட்டு வைக்கும்போது தங்கம்மாள் கேட்டாள்: "அப்ப இத்தனை வருஷமா நான் உங்க கார்டுல இல்லையா?"

"இல்ல."

"யாரு பிரிச்சது?"

பஞ்சநதம் மையைத் துடைக்கத் துணி தேடினார்.

"ஏங்க, நான் என்ன நெல்லு மூட்டையா, ஆளுக்கு ஒண்ணுன்னு இறக்கி வைக்க?" சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"எல்லாருக்கும் சரியா இருக்கட்டுமேன்னு செஞ்சேன் தங்கம்."

"சரியாத்தான் செய்வீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பஞ்சநதம் இரண்டு நாளைக்கு ஒருதரம் தாலுகா ஆபீசுக்குப் போனார். போன தேதி, பார்த்த ஆள், அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார். பேர் நீக்கியாயிற்று என்று ஒருநாள் சொன்னார்கள். சேர்ப்பதற்கு இன்னும் மேலிடத்தில் ஒப்புதல் வரவில்லை. தியாகேசன் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தான். ஐப்பசி மழையில் நட்ட பயிர் முழுகிக் கிடந்த சமயம். கேட்டவர்களும் அவன் நிலையில்தான் இருந்தார்கள்.

மனு கொடுத்த முப்பத்துமூன்றாம் நாள் விடியற்காலை, பால் காய்ச்ச எழுந்தவள் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாள். ஆட்டோ பாபநாசம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. அன்றைய தேதியில் அவள் பேர் எந்தக் கார்டிலும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் குடமுருட்டிக் கரையில் நடந்தது. பிரபு தலையும் மீசையும் மழித்துக்கொண்டு, குளித்து, ஈரவேட்டியோடு படியேறி வந்தான். அனுராதா பக்கத்தில் கம்பளிக் குல்லாவோடு நின்றிருந்த வானதி அவனை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தன் குல்லாவைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் தலையிலும் ஒரு முடி இல்லை. அவன் குனிந்ததும் அவன் தலையை இரண்டு கையாலும் தடவினாள்.

"அப்பா, உனக்கும் ஊசி போட்டாங்களா? வலிச்சுச்சா?"

பிரபு அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். மறுநாள் அவளுக்கு ஊசி நாள். சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

பஞ்சநதம் குல்லாவை எடுத்து மண்ணைத் தட்டினார். மண் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.