பச்சை லேபிள்

அந்த அச்சகத்தில் மெஷின்காரர் வைத்ததுதான் சட்டம். உருளையில் மை துடைக்க வருஷக்கணக்காக அவர் புழங்கியது தின்னர். நாற்றம் குடலைப் புரட்டும். ஆனால் ஒரே துடைப்பில் உருளை பளிச்சென்று ஆகிவிடும். எல்லோருக்கும் தலை கிறுகிறுக்கிறது என்று முதலாளி அதை நிறுத்திவிட்டு, பச்சை லேபிள் ஒட்டிய புதுத் திரவத்தை வாங்கிப் போட்டார். கையில் பட்டாலும் ஒன்றும் செய்யாதாம். அந்தத் தைரியத்தில் எல்லோரும் கையுறையைக் கழற்றினார்கள். தூசி வருகிறதென்று ஜன்னலையும் சாத்தினார்கள்.

புதுத் திரவத்தால் உருளையை மூன்று தடவை துடைக்க வேண்டியிருந்தது. மெஷின்காரருக்கு ஏது அவ்வளவு பொறுமை? மிச்சமிருந்த தின்னரைச் சத்தமில்லாமல் பச்சை பாட்டிலில் பாதிக்குப் பாதி கலந்துவிட்டார். புதுத் திரவத்தின் எலுமிச்சை வாசனை தின்னர் நாற்றத்தை அமுக்கிக்கொண்டது.

பக்கத்து மேசையில் தாள் மடிப்பவள் அவருடைய கொழுந்தியாள். வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

"மாமா, தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது. பழசு இருந்தப்பகூட இப்படி இல்ல."

"புதுசுல ஒண்ணுமே கிடையாதும்மா. எல்லாம் உன் நெனப்பு."

இதை நாலு பேர் காதில் விழச் சொன்னார், பாவி மனுஷன். அவ்வளவுதான், வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறாள் என்று எல்லோரும் அவளை ஓட்டத் தொடங்கினார்கள். மெஷின்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பேச்சு முதலாளி காதுக்குப் போயிற்று. இருவரையும் கூப்பிட்டார்.

"ஒத்துக்கலைன்னா வேற எடம் பாத்துக்கம்மா."

"மன்னிச்சிடுங்க சார். மாமா சொன்ன மாதிரி என் நெனப்புதான். இனிமே தலைவலின்னு வாயத் தெறக்க மாட்டேன். வேலைய விட்டு மட்டும் எடுத்துடாதீங்க."

சொல்லிவிட்டுக் கை கூப்பினாள். விரலிடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருந்தது. தினமும் மை போக அவள் எதைக் கொட்டிக் கை கழுவினாள் என்பது மெஷின்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு உடம்பே கூசிப்போயிற்று. சொன்னால் இத்தனை வருஷ மானம் கப்பலேறிவிடும். ஆனால் அந்தக் கைகள் இன்னும் கூப்பியபடியே இருந்தன.

"சார், அவ மேல தப்பு இல்ல. பாட்டில்ல தின்னரக் கலந்தது நான்தான்."

கொழுந்தியாள் தன்னை நார்நாராகக் கிழிப்பாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார் மெஷின்காரர். அவளோ தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து உங்க பாப்பா ஸ்கூல் விட்டு இங்க வந்தா மாமா. கை பூரா மை. பச்சை பாட்டில் ஒண்ணும் செய்யாதேன்னு நானே அதை ஊத்தித் தேய்ச்சு விட்டேன்."