தங்கையின் வலது பக்கம்

நுரையீரல் பாடத்தில் இரண்டு முறை கோட்டைவிட்டவள் நான். மூன்றாவது முறையும் போனால் நர்சிங் படிப்புக்கே முழுக்குப் போட வேண்டியதுதான்.

செய்முறைத் தேர்வில், தட்டில் பதப்படுத்திய நுரையீரல்கள் கிடந்தன. தேர்வு நடத்தியவர் ரப்பர் பம்பை அழுத்தியதும் இரண்டும் உப்பின. மற்றவர்களுக்கு வெறும் காற்றுச் சத்தம். எனக்கோ வலது பக்கத்திலிருந்து மெல்லிய விசில் கேட்டது. ஒரு வருடமாக அது என்னை விட்டபாடில்லை; முன் இரண்டு முறையும் அதைக் கேட்டுத்தான் தடுமாறினேன்.

"மூச்சுக்குழாய்க்குள்ள ஏதாவது போயிட்டா பெரும்பாலும் எந்தப் பக்கம் இறங்கும்?"

வலது என்றேன். அந்தக் கிளை குட்டை, அகலம், கிட்டத்தட்ட நேராக இறங்கும். இடது கிளை ஒல்லி, சாய்ந்து போகும். முதல் வருடத்திலேயே இது எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தத் திமிர்தான் வினையாகப் போயிற்று.

போன வருடம், மணி கோத்து விளையாடிய தங்கைக்குத் திடீரென்று இருமல். நாலு வயது. மணி உள்ளே போயிருக்குமோ என்று அம்மா பதறினாள். புது ஸ்டெதாஸ்கோப் வாங்கிய மிதப்பில் தங்கைக்கு எதிரே உட்கார்ந்து, என் வலக்கைக்கு நேரான பக்கத்தில் மட்டும் வைத்துப் பார்த்தேன். காற்று ஜோராகப் போனது. வெறும் சளி என்று சொல்லிவிட்டேன். எதிரே உட்கார்ந்தால் அவளுடைய வலது என் இடக்கைப் பக்கம் என்பது மண்டையில் ஏறவேயில்லை. இரண்டு நாள் அவள் மூச்சில் விசில் கேட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மணியை எடுத்தார்கள். அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

"வலது எது, காட்டு," என்றார் தேர்வு நடத்தியவர்.

என் இடக்கைப் பக்கம் இருந்ததைத் தொட்டேன். பாஸ்.

வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள், அக்காவே வைத்துப் பார்த்தாள், நம் கையில் என்ன இருக்கிறது என்று. தேர்வு முடிந்து வீடு திரும்பிய அன்று சமையலறையில் உண்மையைப் போட்டுடைத்தேன். அம்மா கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"இங்க வலிக்குதுன்னு அவ மறுபக்கம் கை வச்சா. நீ தள்ளிவிட்ட. நானும் பார்த்தேன். படிக்கிற பொண்ணு, உனக்குத் தெரியாததான்னு சும்மா இருந்துட்டேன்."

விசிலைப் பற்றி நான் யாரிடமும் வாயே திறந்ததில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த விசில் உனக்கும் கேக்குதா?"