மச்சினிக்கே கொடுத்த கேபிள்

என் கணவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத்தான் ஸ்டிக்கர் உரிப்பார். 'பரிசோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது' என்று அச்சடித்த பளபள ஸ்டிக்கர். மொத்தக் கடையில் சுருள் சுருளாகக் கிடைக்கிறது. யார் பரிசோதித்தார்கள் என்று கேட்டால், "நான்தான்" என்று பல்லைக் காட்டுவார். எச்சில் காயாத அந்த விரலாலேயே சார்ஜர் கேபிள் பெட்டிகளில் ஒட்டிக்கொண்டே போவார். மதியம் அவருடைய செல்போன் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் இந்தக் கண்றாவியைப் பார்த்து முகத்தைச் சுளிப்பேன்.

அந்தக் கேபிளின் லட்சணம் எனக்குத் தெரியும். வீட்டில் ஒன்றை ஜன்னல் ஓரமாகச் செருகி வைத்திருந்தோம். முனை உருகி, திரைச்சீலையில் கருகலாக ஓர் ஓட்டை விழுந்தது. கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தேன். வெளியே கொழுகொழுவென்று பிளாஸ்டிக். உள்ளே தலைமுடி மாதிரி நாலு செம்பு இழை, மிச்சமெல்லாம் வெறும் நூல். அன்றோடு அந்தச் சரக்கை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. எங்களுக்கென்று நல்ல கேபிள்கள் கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பாவில் தனியாக இருக்கும். சொந்தக்காரர்களுக்கும் அதிலிருந்துதான்.

என் தங்கை புதுப் போன் வாங்கியிருந்தாள். கூடவே வந்த கேபிளைப் பூனை கடித்துக் குதறிவிட்டது. நான் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தபோது கடைக்குள் வந்தாள்.

"மாமா, இந்தப் போனுக்குப் பொருத்தமா நல்ல கேபிளாக் குடுங்க. சூடாகக் கூடாது, சொல்லிட்டேன்."

எதிர்ச்சாரியில் தையல்கடை வைத்திருப்பவரும் அப்போது அங்கே இருந்தார். அவருக்கும் புதுப் போன், மகள் வாங்கிக் கொடுத்தது. ஒரு கேபிள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணிக்கு நடுவுல உக்காந்து வேலை செய்றவன் தம்பி. போனும் அங்கேயேதான் சார்ஜ் ஏறும். அதான் யோசனையா இருக்கு."

என் கணவர் டப்பாவின் பக்கம் குனியக்கூட இல்லை. தையல்காரர் கையில் இருந்த அதே ரகத்தில் ஒன்றை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார்.

"பாத்துக்குங்கண்ணே. என் மச்சினிக்கே இதைத்தான் குடுக்கிறேன். இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

தையல்காரரின் முகம் தெளிந்துவிட்டது. "வீட்டுப் பொண்ணுக்கே குடுக்கிறீங்கன்னா சரிதான்" என்று பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு வாய்வரை வந்தது. நாலு பேர் எதிரில் புருஷனை எப்படி விட்டுக்கொடுப்பது என்று விழுங்கிக்கொண்டேன்.

அவர் படி இறங்கியதுதான் தாமதம், என் கணவர் தங்கையின் கையிலிருந்து பெட்டியை வெடுக்கென்று பிடுங்கினார். டப்பாவைத் திறந்து வேறொன்றைக் கொடுத்தார்.

"இதுதான்மா உனக்கு. அது சும்மா வெளி ஆளுங்களுக்கு."

"சரியான கில்லாடி மாமா நீங்க!" என்று அவள் சிரித்தாள். கூடப் பிறந்தவள்தான், ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் உடம்பெல்லாம் அழுக்குத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டது போல இருந்தது.

"நெருப்புப் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"எவ்வளவோ பேர் வாங்கிட்டுப் போறான். எவன் வீடு எரிஞ்சுது?"

"நம்ம வீட்டுத் திரைச்சீலை?"

"அதனாலதானே அதை வீட்டுக்குக் கொண்டு வர்றதில்ல! குடும்பத்தைக் கவனிக்காதவனா நான்?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குச் சகிக்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு கேபிளை எடுத்தேன்.

"எங்கடி போற?"

"மாத்திக் குடுக்க."

"பைத்தியமா உனக்கு? கடை மானமே போயிடும்!"

"விடுக்கா, யாரு பண்ணாததை மாமா பண்ணிட்டாரு?" என்றாள் தங்கை, தன் கேபிளைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்தபடி.

நான் தெருவைத் தாண்டிப் போனேன். தையல்கடையில் கால் வைக்க இடமில்லை. வெட்டிப்போட்ட சட்டைத் துணி, மூலையில் அம்பாரமாகத் துண்டுத்துணி. அந்தக் குவியலின் மேலேயே புதுப் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. முனையைத் தொட்டேன், சுட்டது. பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. பிடுங்கிப் போட்டேன்.

"அண்ணே, இது வேணாம். இந்த நல்லதை வெச்சுக்குங்க."

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். "ஏம்மா? உங்க தங்கச்சிக்கும் இதானே குடுத்தாரு?"

"நீங்க போனதும் அவளுக்கு மாத்திக் குடுத்துட்டாரு. இந்தச் சரக்கை எங்க வீட்டுக்குள்ளயே விடறதில்லண்ணே."

சொல்லி முடித்ததும் மனது லேசானது. உண்மையைச் சொல்லிவிட்டோம், ஒரு வார்த்தை நன்றி சொல்வார் என்றுகூட நினைத்தேன். வெட்கமில்லாத நினைப்பு.

அவர் போனையும் பார்த்தார், துணிக் குவியலையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் வாங்கும்போது நீங்க அங்கதானேம்மா நின்னுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமாண்ணே."

அவர் கத்தவில்லை. மூக்கைச் சுளித்தார், அவ்வளவுதான். கெட்டுப்போன பண்டத்தைத் தெரியாமல் வாயில் வைத்துவிட்டவர் முகம். அன்று மதியம் முழுக்க என் கணவரை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கிடந்த கேபிளை இரண்டு விரலால் தூக்கி, நான் கொடுத்ததையும் அதோடு சேர்த்து என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க."

"அண்ணே, இது நிஜமாவே நல்லதுண்ணே. எங்க வீட்டுல நாங்களே இதைத்தான்..."

"அவரும் அதையேதாம்மா சொன்னாரு."