குங்குமம் வைத்த சிடி

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்த செல்போன் கடையில், ரிப்பேர் பார்க்கும் முஆத் அந்த சிடியை டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா இது? பொட்டு வெச்சிருக்கீங்க?"

"சாமி மாடத்துல வெச்சிருந்தேன் தம்பி," என்றாள் கலைமதி. "வெள்ளிக்கெழமன்னா மஞ்சள் குங்குமம் வைப்பேன். இவர காப்பாத்தப் போறதே இதுதான்னு வக்கீலு சொன்னாரு. அப்ப இதுவும் சாமிதானே?"

"வெச்சதுதான் வெச்சீங்க, பளபளன்னு இருக்கிற பக்கமாவா வைக்கணும்? மிஷினு படிக்கிறதே அந்தப் பக்கந்தான்."

"எனுக்கு இன்னா தெரியும்? பளபளன்னு இருந்தா அதான மொகம்?"

முஆத் சிரித்துவிட்டான். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் பூவரசனுக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஓடாது, எடுத்துக்கினு போங்க' என்று இந்தப் பையன் சொல்லிவிட்டால் போதும் என்று காத்திருந்தான்.

பூவரசன் விழுப்புரத்தில் குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிறவன். போன வருடம் ஒரு பௌர்ணமியன்று, திருவக்கரையில் கடை போடுகிறவர்களின் சாமான்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கூட வந்த தங்கை புருஷன் குமரேசன், "கொஞ்ச தூரம் நான் ஓட்றேன் மச்சான்" என்று ஸ்டியரிங்கை வாங்கினான். ஒரு பெட்ரோல் பங்க் எதிரில், வேர்க்கடலை மூட்டையோடு சைக்கிளில் வந்த பெரியவர் மீது வண்டி மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார்.

குமரேசனுக்கு அரசாங்க வேலைக்கான ஆணை வரவேண்டிய நேரம் அது. தங்கை சங்கவி நிறைமாதம். "நீ டிரைவருண்ணா. கேஸுன்றது உங்க தொழில்ல சகஜம். அவருக்கு வேலையே போயிடும்" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான்தான் ஓட்டினேன் என்று பூவரசன் போலீசில் கையெழுத்துப் போட்டான். கலைமதியிடமும் அதையே சொன்னான்.

அவளோ சும்மா இருக்கவில்லை. அந்த பங்க்கில் வேலை பார்த்த தன் சித்தி மகனைப் பிடித்து, கேமராவில் பதிவானதை சிடியில் போட்டு வாங்கிவிட்டாள். பெரியவர்தான் திடீரென்று குறுக்கே வந்தார் என்பதை அது காட்டும் என்று நம்பினாள். வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு கருவியும் இல்லை. பங்க் கேமராவில் இருந்தது எப்போதோ அழிந்துவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான்.

வண்டியின் கதவைத் திறந்துகொண்டு யார் எந்தப் பக்கம் இறங்கினார்கள் என்பதையும் அது காட்டும் என்று பூவரசனுக்குத் தெரியும். உடைத்துப் போட ஒரு நிமிடம் ஆகாது. அவள் வீட்டில் இல்லாத நேரங்களில் சாமி மாடத்தின் முன்னால் போய் நிற்பான். உடைத்தால் அவனுக்கு ஜெயில், உடைக்காவிட்டால் தங்கை குடும்பம் போச்சு. சிடி பொட்டு வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். கை வராமல் திரும்பிவிடுவான். நேற்று வக்கீல் ஆபீசில் கம்ப்யூட்டர் அதைப் படிக்க மறுத்தபோது, ஒரு வருடத்தில் முதல்முறையாக அவனுக்கு மூச்சு சீராக வந்தது. திங்கட்கிழமைக்குள் சரி செய்துகொண்டு வரச் சொன்னார் வக்கீல்.

முஆத் சோப்புத் தண்ணீரில் குங்குமத்தைக் கழுவினான். அடியில் வளையம் வளையமாகக் கீறல்கள் தெரிந்தன.

"எதால தொடச்சீங்க?"

"வெளக்கு தொடைக்கிற மாதிரிதான். துணூறு போட்டு."

"துணூறா! சாம்பல வெச்சி ரவுண்டா சுத்திச் சுத்தி தேச்சிருக்கீங்க. குறுக்கால கோடு வுழுந்தா மிஷினு தாண்டிப் போயிடும். இது ஓட்ற ரூட்டுலயே பள்ளம் தோண்டி வெச்சிருக்கு."

"அப்ப வுடு தம்பி," என்று பூவரசன் அவசரமாகச் சொன்னான். "உனுக்கு ஏன் வீண் பேஜாரு?"

"நீங்க சும்மா இருங்க," என்று கலைமதி அதட்டினாள். "ஜெயிலுக்குப் போறதுக்கு அவ்ளோ ஆசையா?"

"இருங்கண்ணே. கோட்டக்குப்பத்துல கடலு காத்துல உப்பு பூத்துப்போன கல்யாண சிடியயே ஓட வெச்சிருக்கேன்," என்றான் முஆத். பற்பசையைப் பஞ்சுத் துணியில் எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாக இழுத்துத் துடைத்தான். கழுவி, துடைத்து, கம்ப்யூட்டரில் போட்டான். உள்ளே அது கரகரவென்று சுற்றி நின்றுவிட்டது.

பூவரசன் சட்டைப் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை தேடினான்.

முஆத் விடவில்லை. ஒரு சின்ன மிஷினை வெளியே எடுத்து, மெத்தென்ற பட்டையில் வைத்து சிடியைப் பாலிஷ் பிடித்தான். மறுபடி போட்டான். மறுபடி நின்றது. "வேகத்தக் கொறச்சிப் பாக்கலாம்" என்று எதையோ தட்டினான். இந்த முறை சத்தம் நிற்கவில்லை. பூவரசன் வாசலைப் பார்த்தான். கண்ணாடிக் கதவுக்கும் அவனுக்கும் நடுவில் கலைமதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்திடுச்சி பாருங்கக்கா!"

திரையில் பங்க் தெரிந்தது. சாலை தெரிந்தது. பெரியவரின் சைக்கிள் திரும்பியது. கலைமதி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். படம் கட்டம் கட்டமாக உடைந்து மீண்டும் சேர்ந்தபோது, குட்டியானை குறுக்காக நின்றிருந்தது. ஸ்டியரிங் பக்கத்துக் கதவு திறந்தது. கட்டம்போட்ட சட்டையில் ஒல்லியாக ஓர் ஆள் இறங்கித் தலையில் கை வைத்தான். சுற்றிக்கொண்டு மறுபக்கத்திலிருந்து பூவரசன் ஓடி வந்தான்.

"இறங்குறது யாருண்ணே, நீங்களா?" என்று முஆத் கேட்டான்.

பூவரசன் வாயைத் திறப்பதற்குள், "ஆமா, அவருதான்," என்றாள் கலைமதி. "இதயே இன்னும் ரெண்டு சிடியில காப்பி போட்டுக் குடு தம்பி."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவனை உட்காரவைத்து, வெளிப்பக்கம் அவள் உட்கார்ந்தாள். பஸ் நெடுஞ்சாலைக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"ஒரு உசுர எடுத்தவன் பொண்டாட்டின்னு ஒரு வருசமா தல குனிஞ்சிக்கினு போனேனே. எனுக்காச்சும் சொல்லிருக்கலாமில்ல?"

"சங்கவி அழுதா."

"நான் அழுல?"

அவள் சிடி இருந்த பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழம இது வக்கீலு கைக்குப் போவும்."

"பொய் சொன்னதுக்கு என் மேலயும் கேஸு வரும், கலை."

"வரட்டும். செஞ்சதுக்கு வரட்டும். செய்யாததுக்கு வேணாம். இப்ப விழுப்புரத்துல எறங்கி நேரா உன் தங்கச்சி வூட்டுக்குப் போறோம். அவகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா குடும்பத்தப் பிரிக்க வந்தவன்னு பேராவும்."

பூவரசன் எழப்பார்த்தான். முன்சீட்டுக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவில் வழியில்லை. நின்றுகொண்டு வந்தவர்கள் வேறு நெருக்கினார்கள். கண்டக்டர் குனிந்து, எங்கே என்று கேட்டார்.

பூவரசன் அவளைப் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் இன்னொரு தடவை கேட்டார்.

"விழுப்புரம்," என்றான் பூவரசன். "ரெண்டு பேரு."