நாலாவது படி

வழிகாட்டிப் பெண் சொன்னதைக் கேட்டு என் மனைவி துள்ளிக் குதிக்காத குறைதான்.

"இந்த நாலாவது படி மட்டும் ஒரு அங்குலம் அதிகம், கவனிச்சீங்களா? ஏறுறவங்க ஒரு நொடி நின்னு ஜன்னலைப் பார்க்கணும்னு ஐயா வேணும்னே அப்படி வெச்சார்."

"அண்ணே, நீ கட்டின படி!" என்று அவள் தன் அண்ணனின் தோளைத் தட்டினாள். "இத்தனை வருஷமா உன்னைக் கோணல் மேஸ்திரின்னு கிண்டல் பண்ணிட்டிருந்தேனே!"

மச்சான் சங்கோஜமாகச் சிரித்தார். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஐயா என்பவர் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். இந்தச் சின்ன வீட்டைத் தனக்கென்று கட்டி, கடைசிவரை இதிலேயே இருந்தார். இப்போது இது அருங்காட்சியகம். அவருடைய செருப்புக்குக்கூட ஒரு கண்ணாடிப் பெட்டி. வீடு எழும்பிய காலத்தில் நான் அவரிடம் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி மூன்று மாதம். மச்சானை இங்கே கொத்தனார் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். அந்தப் பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஜன்னலாவது மண்ணாவது! எல்லாப் படிக்கும் ஆறு அங்குலம் என்று போடவேண்டிய இடத்தில், நாலாவதற்கு மட்டும் நான் ஏழு என்று எழுதித் தொலைத்தேன். மச்சான் எழுதியபடியே கட்டினார். வேலையைப் பார்க்க வந்த ஐயா அதில் தடுக்கி, எல்லார் முன்னாலும் குப்புற விழுந்தார். மச்சான் கையிலிருந்த நகலை, சரிபார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். மூலத் தாளில் இருந்த ஏழு என்பதைப் பிளேடால் சுரண்டிவிட்டு ஆறு என்று எழுதினேன். நகலைக் கிழித்துப் போட்டேன்.

மூலத்தை விரித்துப் பார்த்த ஐயா, "படிக்கத் தெரியாதவனுக்குக் கொத்துக்கரண்டி எதுக்கு?" என்று மச்சானை அன்றைக்கே அனுப்பிவிட்டார். நான் கல்லுளிமங்கன் மாதிரி பக்கத்தில் நின்றேன். படியை இடிக்க நேரமில்லை என்று அப்படியே விட்டார்கள். நகல் எங்கே என்று மச்சான் கேட்கவே இல்லை. தங்கை புருஷனைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றியிருக்காது.

அடுத்த அறையில் மூலத் தாள்களைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, பின்னால் விளக்கு வைத்து மாட்டியிருந்தார்கள். நான் சுரண்டிய இடம் மெலிந்துபோய், அங்கே மட்டும் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. அதன் நடுவில் என் ஆறு உட்கார்ந்திருந்தது.

மனைவி இன்னும் அந்தப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். மச்சான் மட்டும் என்னுடன் வந்தார்.

"மாப்ள, கண்ணாடி கொண்டுவரல. நாலாவது படிக்கு என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. ஐயாவே வேணும்னு வெச்சார்ங்கறாங்களே, அப்ப ஏழுன்னுதானே இருக்கணும்?"

ஏழு என்று சொன்னால் போதும். அவர் மேல் இருந்த பழி போய்விடும், என் குட்டும் வெளிப்படாது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்த பிறகு பொய் சொல்ல முடியவில்லை.

"ஆறுன்னு இருக்கு மச்சான். முதல்ல ஏழுன்னுதான் இருந்துச்சு. தப்பா எழுதினது நான். சுரண்டி மாத்தினதும் நான்தான்."

திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் தேவலை. அவர் வெளிச்சம் தெரிந்த இடத்தைத் தொடப் போனார். கண்ணாடி தடுக்கவும் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்," என்றார்.

என் பக்கம் திரும்பினார். "அதுக்கப்புறம் நான் ஒரு படிகூடக் கட்டல மாப்ள. மதில் கட்டினேன், தண்ணித் தொட்டி கட்டினேன். என் கண்ணை நானே நம்பல. என் பொண்ணு வீட்டுக்குக்கூடப் படி கட்டப் பயந்து வேற ஆளை வெச்சேன். தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததே நான்தான்.