மூன்றாவது வரிசைச் சிரிப்பு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கௌரவமான வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. போன மாதம் பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றைத் தொலைக்காட்சியில் மறுபடியும் போட்டார்கள். 1976இல் இங்கே லண்டனில் எடுத்தது. அதில் ஒரு விருந்துக் காட்சி. பார்வையாளர்களின் சிரிப்புக்கு நடுவே ஒரு அம்மாளின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்கும். அந்த அம்மாள் யார் என்று எனக்குத் தெரியும். நிலையத்தில் அரங்கப் பொருள்களைப் பார்த்துக்கொண்டவன் நான்; அந்த மேசையில் கத்திகளை அடுக்கியவனும் நான்தான்.

2

முதல் தொடக்கம்: வட இங்கிலாந்தின் ஓல்டம் நகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ஆலைச் சங்கு ஊதியதும் ஆக்னஸ்

வேண்டாம். வடக்கத்தி ஏழை என்றாலே மழையில் நனைய வைப்பது இந்த ஊர் எழுத்தாளர்களின் கெட்ட பழக்கம். எனக்கும் தொற்றிவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: ஆக்னஸ் எண்ட்விசில் ஒன்றும் தெரியாத அப்பாவி.

பொய். அடித்துவிட்டேன். ஆனால் எனக்கே முதலில் இப்படித்தான் தோன்றியது என்பது உங்களுக்குத் தெரியட்டும் என்று அழிக்காமல் விடுகிறேன்.

மூன்றாவது: ஆக்னஸ் ஓல்டம் நகரத்துப் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். மகள் ஜாய்ஸ் படித்து, லண்டனுக்கு வந்து, எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் நகைச்சுவைத் தொடர் எழுதினாள். எழுதும் அறையில் அவள் ஒருத்திதான் பெண். ஜாய்ஸைப் பெண் பார்க்க, இல்லை, மருமகளைப் பார்க்க, லண்டனை ஒட்டிய பணக்காரச் சர்ரேயிலிருந்து அவள் காதலனின் பெற்றோர் வந்தபோது, ஆக்னஸ் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மீன் கத்திகளை வைத்தார்.* வருங்கால மாமியார் ஒன்றை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. கல்யாணம்கூட நடந்தது. அந்தப் பார்வை மட்டும் ஜாய்ஸின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

* இது மீனை நறுக்கும் கத்தி அல்ல. வெந்த மீனை முள்ளிலிருந்து பிரித்துத் தின்பதற்கான மழுங்கிய வெள்ளிக் கத்தி. பரம்பரைப் பணக்காரர்களின் வெள்ளிச் சாமான்கள் பாட்டன் பூட்டன் விட்டுப்போனவை. இந்தக் கத்தி அதற்குப் பிறகு வந்தது. ஆகவே இது உங்கள் வீட்டில் இருந்தால், நீங்கள் கடையில் வாங்கியவர். கடையில் வாங்கியவர் நேற்று முளைத்தவர். பெரிய மனிதரைப் போல இருக்க ஆசைப்பட்டு வாங்கும் பொருளே உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். இப்படி ஒரு பொறி வைத்தவர்களையும் தொடர்களில் கேலி செய்வதுண்டு, செல்லப்பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுவது போல. மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் உண்மையான அடி.

3

ஜாய்ஸ் அந்த மத்தியானத்தைத் தன் தொடருக்குள் கொண்டுவந்தாள். அம்மா பாத்திரத்துக்குத் திருமதி கிரிம்ஷா என்று பெயர். விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். திருமதி கிரிம்ஷா கத்தியைக் கையில் எடுத்து, “இது எனக்குக் கிடைக்கறதுக்கு யாரும் சாக வேண்டியிருக்கல. நானே உழைச்சு வாங்கினேன்” என்கிறாள். காட்சி முடிகிறது.

தயாரிப்பாளர் ஜைல்ஸ் அந்த வரியை நீலப் பென்சிலால் கோடு போட்டு அடித்தார். நல்ல பள்ளிக்கூடம், நல்ல குடும்பம், யாரையும் அதட்டாத மனிதர்.

“இது எதுக்கு ஜாய்ஸ்?”

“காட்சியே அதுதான் சார்.”

“அவளுக்குத் தெரியாத வரைக்கும்தாம்மா சிரிப்பு. தெரிஞ்சிடுச்சுன்னா பாவமாயிடும். நம்ம தொடருக்கு அது ஆகாது.”

“எங்கம்மா படப்பதிவு பார்க்க வர்றாங்க.”

“நல்லதாப் போச்சு. முன்னாடியே இடம் போடச் சொல்றேன்.”

(இங்கே ஜாய்ஸ் என்ன நினைத்தாள் என்று ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்து போனாள். நான் பார்த்தது அவ்வளவுதான்.)

4

ஞாயிறு மாலை, படப்பதிவு. முந்நூறு பார்வையாளர்கள். அவர்கள் தலைக்கு மேலே சிரிப்பைப் பிடிக்க ஒலிவாங்கிகள். மூன்றாவது வரிசையில் நீலத் தொப்பியோடு ஆக்னஸ். கேமராக்களுக்குப் பின்னால் நின்ற ஜாய்ஸ் நடிகர்களைப் பார்க்கவே இல்லை. அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத்தான் எழுதியிருக்கிறாள் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவள் முகம் முழுக்க இருந்தது.

விருந்தாளி கத்தியைத் திருப்பினாள். கூடம் சிரித்தது. ஒரு நொடி தாமதித்து, எல்லாரையும்விடச் சத்தமாக, ஆக்னஸ் சிரித்தார்.

ஒரு கேமரா கோளாறு செய்ததால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த மாதிரி நேரத்தில் கூட்டத்தைக் கலகலப்பாக வைப்பதற்கென்றே ஒரு ஆள் உண்டு.

“மக்களே, கேமராவுக்குத் தும்மல் வந்துடுச்சு. அதே ஜோக்தான், அதே சிரிப்புதான். முதல் தடவை கேக்கற மாதிரியே சிரிக்கணும், என்ன?”

நான் கத்திகளைத் துடைத்து மறுபடி அடுக்கினேன். ஜைல்ஸ் இறங்கி வந்து ஜாய்ஸின் பக்கத்தில் நின்றார். ஆக்னஸை அவர் முன்பு பார்த்ததில்லை. மெல்லிய குரலில் பேசினார்.

“மூணாவது வரிசையில ஒரு கிழவி சிரிக்குது பாத்தியா, தங்கம். எதுக்குச் சிரிக்கறோம்னு அதுக்கே தெரியாது. அதுதான் அழகு.”

ஜாய்ஸ் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. பார்வையாளர்களுக்கோ முப்பது அடி தூரம், நடுவில் இடைவேளைக்கு வாசிக்கும் வாத்திய இசை. அங்கே யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் தறிக்கூடத்தில் வேலை செய்த பெண்களுக்குக் காது தேவையில்லை. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது, அதனால் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். ஆக்னஸ் இருபத்தாறு வருடம் அப்படிப் பேசியவர். அவர் ஜைல்ஸின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

(கத்திகள் என் கையில் இருந்தன. வளைந்துவிட்டன என்று சொல்லி வேறு சாதாரணக் கத்தி வைத்து அந்தக் கேலியைக் கெடுத்திருக்கலாம். செய்யவில்லை. அந்த வருடம் எனக்கும் ஒரு படி மேலே போக வேண்டியிருந்தது. என் மேலுள்ள கோபத்தையும் இந்தக் கதையின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாம் முறையும் ஆக்னஸ் சிரித்தார். முதல் முறையைவிட நீளமாக. நீங்கள் இன்றும் கேட்பது அந்தச் சிரிப்பைத்தான்.

5

முடிவுகள்.

(அ) ஆக்னஸ் எழுந்து வெளியே போகிறார். ஒரு பக்கம் எழுதினேன், எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் மகள் வேலை செய்யும் இடத்தில் அவர் அப்படிச் செய்யவே மாட்டார்.

(ஆ) ஜாய்ஸ் வேலையை உதறுகிறாள். உதறவில்லை. இன்னும் இரண்டு வருடம் அதே தொடரை எழுதினாள்.

(இ) ஜைல்ஸ் கேமராக் கம்பியில் கால் தடுக்கி விழுகிறார். மேலே ஏற ஆசைப்பட்டவர் விழுந்தால் சிரிக்கலாம் என்பது அவர்கள் சட்டம். அதை நானும் கடன் வாங்க

6

உண்மையில் தாயும் மகளும் தேநீர்க் கடைக்குப் போனார்கள். தொலைக்காட்சி நிலையத்துக்குள்ளேயே இருந்த கடைதான். நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

“நல்லா இருந்துச்சு கண்ணு.”

“அம்மா, ஜைல்ஸ் சொன்னது...”

“அவன் உதட்டுலயே படிச்சேன்.”

“பின்ன எதுக்கு மறுபடி சிரிச்ச?”

“நீ என்னையே பாத்துட்டு நின்ன. நான் சிரிக்கலைன்னா உன் எழுத்து சரியில்லைன்னுல்ல அந்த ஆளு சொல்லுவான்.”

ஜாய்ஸ் அழுதாள். ஆக்னஸ் கைக்குட்டையை நீட்டினார்.

“கத்தி விஷயம் எனக்கு அன்னிக்கே தெரியும். உன் மாமியா மூஞ்சிய நானும் பாத்தேன்.”

“அப்புறமும் ஏன் வெச்சிருக்க?”

“எனக்குப் பிடிச்சிருக்கு. சரி, அவ அடுத்த வாரம் என்ன பண்றா?”

“யாரு, கிரிம்ஷாவா? இதேதாம்மா. பெரிய வீட்டுக்காரங்க மாதிரி இருக்கணும்னு ஏதாவது செய்வா. அசிங்கப்படுவா.”

“அதுக்கடுத்த வாரம்?”

“அதேதான்.”

“அவங்க எப்பவுமே அவளைச் சேத்துக்கவே மாட்டாங்களா?”

“சேத்துக்கிட்டா சிரிப்பு முடிஞ்சுபோயிடும்மா.”

ஆக்னஸ் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு மகளின் வாயைப் பார்த்தார்.

“யாருக்கு?”

நாலு பதில் எழுதி அடித்துவிட்டேன். ஜாய்ஸ் ஒன்றும் சொல்லவில்லை என்று முடித்தால் எழுதுகிறவன் தப்பிப்பதாகிவிடும். போன மாதம் அந்தக் காட்சியைப் பார்த்து நானும் சிரித்தேன். போட்டுப் பாருங்கள், உங்களுக்கும் சிரிப்பு வரும். ஆகவே நீங்களே சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னாலும் போதும், ஆக்னஸ் உங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜாய்ஸ் சொன்னாள்: “