சாயங்கால விரதம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஓரிக்கைப் பக்கம் எங்கள் ஊரில் வார்டு மெம்பராக இருந்தவள். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவேன். அப்படிப்பட்ட தேவகி இடுப்பெலும்பு முறிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் மூலை அறையில் வந்து விழுந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. வீட்டை விற்றாயிற்று. இந்த இடத்தை விட்டால் எனக்குத் தெருதான்.

பக்கத்துக் கட்டில் காமாட்சியம்மாளுடையது. பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். ஆள் தூக்கிவிட்டால்தான் எழுந்திருப்பார்; நடக்க முடியாது. மகன் தினகரன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மருமகளும் வேலைக்குப் போகிறாள். பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்தான் இங்கே சேர்த்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவான், நல்ல பிள்ளை.

காமாட்சியம்மாளுக்கு இந்த இல்லத்தில் தனி மரியாதை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. கேட்டால், “விரதம்” என்று ஒரே வார்த்தை. காஞ்சிபுரம் கோயில் ஊர் ஆயிற்றே, போதாதா? பிறந்தநாள், திதி என்று சாப்பாடு போட வருகிறவர்கள் அவர் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். “ஏகாம்பரநாதருக்கு நேர்ந்துக்கினு இருக்கறாங்க” என்று மேனேஜர் மாணிக்கவேல் ஏதோ தானே நேர்ந்துகொண்ட மாதிரி பெருமையடிப்பார். எனக்கு எரிச்சல்தான் வரும். பிரதோஷம், கிருத்திகை, சரி. வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளுமா ஒரு மனுஷி விரதம் இருப்பாள்?

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். எங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஜீவிதா, ஈரத்துண்டால் காமாட்சியம்மாளின் முகத்தைத் துடைத்துவிட்டு, துண்டைக் கட்டில் கம்பியில் போட்டுவிட்டுப் போனாள். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. மெல்லக் கையை நீட்டித் துண்டை இழுத்தார். நுனியை வாயில் வைத்துச் சப்பினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தொண்டைக்குழி ஏறி இறங்க, சப்பிக்கொண்டே இருந்தார்.

ஐயோ சாமி! கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன்.

“காமாட்சியம்மா, இன்னா பண்றீங்க?”

துண்டைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார். உதடு வெடித்திருந்தது. அப்போதுதான் அதை உற்றுப் பார்த்தேன்.

“ஒண்ணுமில்ல தேவகிம்மா.”

“விரதம்னு சொல்றவங்க ஈரத்துணிய சப்புவாங்களா? யார்கிட்ட கதை விடறீங்க? இந்தாங்க, குடிங்க.” என் சொம்பை நீட்டினேன்.

“வேணாம், வேணாம். நனைஞ்சிடும்.”

“எது நனைஞ்சிடும்?”

அழுதுவிட்டார். அழுதுகொண்டே சொன்னார். ஒரு நாள் ராத்திரி படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாராம். நான் இங்கே வந்து சேருவதற்கு முன்னால். விடிகிறவரை அந்த ஈரத்திலேயே போட்டு வைத்து, காலையில் ஹாலில் எல்லாரும் பார்க்க அந்த விரிப்பைப் பிரித்துக் காட்டி ஜீவிதா கத்தினாளாம். மேனேஜர் வந்து, மத்தியானத்துக்கு மேல் இவருக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று சொல்லிவிட்டார். யாராவது கேட்டால் விரதம் என்று சொல்லும்படி சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

“ஒண்ணுக்குப் போனா எரியுதுமா,” என்றார். “தலை சுத்திக்கினே இருக்குது. ஆனா என் புள்ளகிட்ட மட்டும் சொல்லாத. அவன்கிட்ட போயி, உங்கம்மா படுக்கைய நனைக்கிறாங்கன்னு சொன்னா நான் உசுரோடவே இருக்க மாட்டேன். நீ சொன்னாலும் நான் இல்லன்னுடுவேன்.”

அந்த வயதில் மானம் எங்கே போய் ஒளிந்துகொண்டிருக்கிறது பாருங்கள். எனக்குக் கோபம் அவர் மேலும் வந்தது, அந்தப் பாவி மேனேஜர் மேலும் வந்தது. இந்த வெயிலில் இப்படியே விட்டால் அந்தம்மா செத்துப்போய்விடும். அதற்கும் விரதத்தில் போன புண்ணியவதி என்று மாலை போடுவார்கள்.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு மாணிக்கவேலின் அறைக்குப் போனேன். நான் சொன்னதையெல்லாம் சிரித்த முகமாகக் கேட்டார்.

“அவங்களுக்கு ஞாபக மறதி மேடம். என்னென்னமோ பேசுவாங்க. உங்களுக்கு இங்க செட் ஆகலன்னா சொல்லிடுங்க, வேற இடம் பாத்துக்கலாம்.”

வேறு இடம்! வார்டு மெம்பர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பயம்தான், வேறென்ன? காலிக் குடத்தோடு உட்கார்ந்த காலத்தில் எனக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் தினகரன் வந்தான். அம்மாவுக்கென்று இளநீர் வாங்கி பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தான். பின்னாலேயே மாணிக்கவேலும் வந்து நின்றுகொண்டார். கதவோரம் ஜீவிதா.

“குடிம்மா. வெயிலுக்கு நல்லது.”

காமாட்சியம்மாளின் கண் பாட்டிலை விட்டு நகரவேயில்லை. நாக்கு வெளியே வந்து வெடித்த உதட்டைத் தடவிவிட்டு உள்ளே போயிற்று.

“வேணாம்பா. விரதம்.”

“எங்கம்மா எப்பவுமே இப்படித்தான் சார்,” என்று தினகரன் பெருமையாகச் சிரித்தான். மாணிக்கவேலும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தம்மா இல்லையென்று சாதிக்கும். சொல்லாவிட்டால் செத்துப்போகும். என்ன செய்வதென்று தெரியாமலே வாயைத் திறந்துவிட்டேன்.

“தம்பி, இங்க பாருப்பா. நான் படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிடறேன். அதனால மத்தியானத்துக்கு மேல இந்த ரூமுக்கே தண்ணி கிடையாது. என்னால உங்கம்மாவும் காஞ்சிக்கினு கெடக்கறாங்க.”

சொல்லி முடிப்பதற்குள் என் முகம் தீயாய் எரிந்தது. மகன் வயதுப் பையன் முன்னால் இப்படி ஒரு பேச்சு. கடவுளே, பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

“வயசாயிடுச்சில்ல தம்பி, கண்டதையும் பேசறாங்க,” என்றார் மாணிக்கவேல். “நீங்க கண்டுக்காதீங்க.”

“ஆமா தினகரா,” என்றார் காமாட்சியம்மாள். “பொய் சொல்றாங்க.”

போச்சு. எல்லாம் போச்சு. என் இடமும் போச்சு, இந்தம்மாவின் உயிரும் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

“அவங்க ஒரு நாள்கூட நனைச்சதில்ல,” என்றார் காமாட்சியம்மாள். “நனைக்கிறது நான். எனக்காக அந்தப் பழிய அவங்க ஏத்துக்கினாங்க. விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி தர மாட்டேங்கறாங்கடா. எனக்கு தாகமா இருக்குதுடா தினகரா.”

ஜீவிதா முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். “இங்க எல்லாருக்கும் நான் ஒருத்திதாண்ணா. துணி துவைக்கிற ஆள நிறுத்திட்டாரு. டயப்பர் கேட்டா என்னைத் திட்றாரு. நான் இன்னா பண்ணுவேன்?” அவள் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ என்னவோ, அப்போது வரவில்லை.

“தம்பி, ஆபீஸ்ல உக்காந்து பேசிக்கலாம் வாங்க,” என்று மாணிக்கவேல் அவன் தோளைத் தொட்டார்.

தினகரன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். “கலெக்டர் ஆபீஸ்ல பேசிக்கலாம் சார். மொதல்ல ஆம்புலன்ஸ கூப்புடுங்க.”

பாட்டிலின் மூடியைத் திறந்து அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். முதல் வாய் கழுத்தெல்லாம் வழிந்தது. இரண்டாவது வாய் உள்ளே போயிற்று. பிறகு அவர் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். பாதியில் சட்டென்று நிறுத்திவிட்டு, கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மகனை நிமிர்ந்து பார்த்தார்.

“நனைஞ்சிடுமேடா.”

“நனையட்டும்மா,” என்றான் தினகரன். “நான் மாத்தறேன். நீ குடி.”